ஸப்ரு என்பது அழாமலிருப்பதன்று

(நமது பள்ளிவாசலின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

 

வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டு ஒப்புதலும் பெறப்பட்டு விட்டது. சந்தா பாக்கியைப் பற்றியும், கபர்ஸ்தான் சுற்றுச்சுவரைப் பற்றியும், மக்தப் மதரஸாவுக்கு வரும் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பற்றியும் போதுமான அளவு பேசியாயிற்று. சுற்றுச்சுவரைப் பற்றிப் போதுமான அளவிற்கு மேலேயே பேசி விட்டோம். எஞ்சியிருக்கும் நேரத்தில், எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாத ஒரு பாக்கியைப் பற்றி உங்களிடம் பேச விரும்புகிறோம்.

சென்ற ரஜப் மாதத்தில் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு மூதாட்டியை நலம் விசாரிக்கச் சென்றிருந்தோம். எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர். படுக்கையோடு இருந்தார். கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி. அதைத் திறக்கச் சொல்லி, உள்ளே மடித்து வைத்திருந்த ஒரு சட்டையை எடுத்துக் காட்டினார். 1997ஆம் ஆண்டு டிசம்பரில் அடக்கம் செய்யப்பட்ட அவருடைய மகனின் சட்டை அது. "அன்று நீங்கள் அழுதீர்களா அம்மா?" என்று கேட்டு விட்டோம். ஏன் அப்படிக் கேட்டோம் என்று நமக்கே தெரியவில்லை. அவர் சொன்னார்: "அழுகலீங்க ஹஜ்ரத். ஊரடங்கு போட்டிருந்தாங்க. வீதியில போலீஸ் நிக்குது, சத்தம் போடாதே, எந்த வீடுன்னு தெரிஞ்சு போயிரும்னு பெரியவங்க வாயை மூடச் சொல்லிட்டாங்க. அப்புறம் அழுகறதுக்கு நேரமே வரலீங்க."

இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு தாய்க்கு அழுவதற்கு நேரம் வரவில்லை. அவர் நம் பள்ளிவாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வாழ்ந்தவர். எத்தனை ஜும்ஆக்களில் பொறுமையைப் பற்றி நாம் பயான் செய்திருப்போம்! அவையெல்லாம் அந்த வீட்டுக்குள் ஒலிபெருக்கி வழியாகச் சென்று, அந்தத் தாயின் வாயை மேலும் அழுத்தமாக மூடியிருக்கின்றன.

இங்கு அமர்ந்திருக்கும் இளைஞர்களில் பலர் அப்போது பிறந்திருக்க மாட்டார்கள். எனவே சுருக்கமாகச் சொல்கிறோம். 1997 நவம்பர் 29ஆம் நாள், உக்கடம் பகுதியில் போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் என்பவரை நம் சமுதாயத்தைச் சேர்ந்த சிலர் குத்திக் கொன்றனர். அது பெரும் பாவம். ஓர் உயிரைக் கொல்வது மனித குலம் முழுவதையும் கொல்வதற்கு ஒப்பானது என்று குர்ஆன் கூறுகிறது. அதனைத் தொடர்ந்து மூண்ட கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் முஸ்லிம்கள் 18 பேர் உயிரிழந்தனர். பெரிய கடைகளும் நடைபாதைக் கடைகளும் சூறையாடப்பட்டுத் தீக்கிரையாயின. மூன்று மாதங்கள் கூட முடியவில்லை. 1998 பிப்ரவரி 14ஆம் நாள், சனிக்கிழமை, நகரின் பல இடங்களில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. 58 பேர் கொல்லப்பட்டனர். 200க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். கடைக்குப் போனவர்களும், பேருந்துக்கு நின்றவர்களும், நமக்கு எந்தத் தீங்கும் செய்யாதவர்களும் அவர்களில் இருந்தனர்.

நாம் அப்போது வேலூரில் ஓதிக் கொண்டிருந்தோம், பதினேழு வயது. வானொலியில் செய்தி கேட்டு எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினோம். இரவு வரை லைன் கிடைக்கவில்லை. உஸ்தாத் ஒருவர் வந்து தோளில் கை வைத்து, "ஸப்ரு செய்யுங்கள்" என்றார். அவர் அன்பினால்தான் சொன்னார். நாமும் அதையே பாடமாக எடுத்துக் கொண்டோம்.

அந்த மூன்று மாதங்களில் நம் வீடுகளுக்குள் நான்கு உணர்வுகள் ஒரே நேரத்தில் நுழைந்தன. இறந்தவர்களுக்கான துக்கம், அடுத்து என்ன நேருமோ என்ற அச்சம், நமக்கு அநீதி இழைக்கப்பட்டது என்ற கோபம், பிப்ரவரிக்குப் பிறகு அவை மூன்றின் மீதும் வந்து விழுந்த வெட்கம். நான்காவது வந்தவுடன் முதல் மூன்றையும் வெளியே சொல்ல முடியாமற் போயிற்று. 58 பேரின் மரணத்திற்கு முன்னால் நம் 18 பேருக்காக அழ நமக்கு உரிமை இல்லை என்று நாமே நமக்குத் தீர்ப்பெழுதிக் கொண்டோம். பலர் கலப்பாக வாழ்ந்த தெருக்களை விட்டு கரும்புக்கடை, குனியமுத்தூர் பக்கம் குடிபெயர்ந்தார்கள். ஏன் குடிபெயர்ந்தோம் என்று பிள்ளைகளிடம் சொல்லவில்லை. சிறைக்குச் சென்றவர்களின் மனைவிமார், கணவர் வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்லியே பிள்ளைகளை வளர்த்தனர். ஆண்டுதோறும் பிப்ரவரி 14 வந்தால் நகரெங்கும் காவல் பலப்படுத்தப்படுகிறது; வாகனங்கள் சோதனையிடப்படுகின்றன. நம் வீடுகளில் அன்று தொலைக்காட்சியின் ஒலி குறைக்கப்படுகிறது. பிள்ளைகள் அச்சத்தை மட்டும் பெற்றுக் கொண்டு, அதன் காரணத்தைப் பெற்றுக் கொள்ளாமல் வளர்ந்தார்கள்.

இதற்குத்தான் நாம் ஸப்ரு என்று பெயர் வைத்திருந்தோம். மார்க்கம் அப்படிச் சொல்கிறதா என்பதை இப்போது பார்ப்போம்.

ஸப்ரு என்ற அரபுச் சொல்லுக்குத் தடுத்து நிறுத்துதல் என்று பொருள். நாவைத் தகாத சொல்லிலிருந்தும், கையைக் கன்னத்தில் அறைவதிலிருந்தும், உள்ளத்தை இறைவன் மீதான நிராசையிலிருந்தும் தடுப்பது என்று நம் இமாம்கள் விளக்கம் தந்தார்கள். கண்ணைத் தடுப்பது என்று எவரும் எழுதவில்லை. ஸஅத் பின் உபாதா (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தபோது காணச் சென்ற பெருமானார் (ஸல்) அவர்கள் அங்கேயே அழுதார்கள். கூட இருந்தவர்களும் அழுதார்கள். கண்ணீருக்காகவோ உள்ளத்தின் துயரத்திற்காகவோ அல்லாஹ் தண்டிப்பதில்லை என்று கூறி, தமது நாவைச் சுட்டிக் காட்டி, இதைக் கொண்டுதான் தண்டனையும் அருளும் என்று விளக்கினார்கள்.

யஃகூப் (அலை) அவர்களின் வரலாற்றை எடுத்துக் கொள்ளுங்கள். யூஸுஃப் (அலை) அவர்களின் சட்டையைப் பொய் இரத்தம் தோய்த்து மகன்கள் கொண்டு வந்தபோது, அழகிய பொறுமையை மேற்கொள்வதாக அந்தத் தந்தை சொன்னார். அதே ஸூராவில், பல ஆண்டுகளுக்குப் பிறகு, அழுது அழுது அவருடைய கண்கள் வெளுத்துப் போயின என்று அல்லாஹ்வே அறிவிக்கிறான். அழகிய பொறுமையும் கண் வெளுக்கும் அழுகையும் ஒரே நபியிடத்தில் இருந்தன. மகன்கள் அவரைக் கடிந்து கொண்டார்கள். இன்னமும் யூஸுஃபையே நினைத்துக் கொண்டிருக்கிறீரே என்றார்கள். அவர் தம் துயரத்தை அல்லாஹ்விடமே முறையிடுவதாகப் பதில் சொன்னார். துயரமே இல்லை என்று அவர் மறுக்கவில்லை. நாம் யஃகூப் (அலை) அவர்களைப் பின்பற்றுவதாக நினைத்துக் கொண்டு, அவரைக் கடிந்த மகன்களைப் பின்பற்றி வந்திருக்கிறோமோ என்று சில நேரம் தோன்றுகிறது.

மர்யம் (அலை) அவர்கள் பிரசவ வேதனையில், இதற்கு முன்பே தாம் இறந்து போயிருக்கக் கூடாதா என்று சொன்னார்கள். நம்மில் ஒரு பெண் அவ்வாறு சொன்னால் நாம் என்ன சொல்வோம்? "அப்படியெல்லாம் பேசாதே, ஈமான் போய்விடும்" என்போம். மர்யம் (அலை) அவர்களுக்கு வந்த பதிலில் கண்டிப்பு இல்லை. கவலைப்படாதீர் என்ற ஆறுதல் இருந்தது. காலடியில் நீரோடை இருந்தது. உலுக்கினால் உதிரும் பேரீச்சம் பழங்கள் இருந்தன.

ஒப்பாரி வைப்பதை மார்க்கம் தடுத்திருக்கிறது. அதில் நமக்கு ஐயமில்லை. மாரில் அடித்துக் கொள்வதும், ஆடையைக் கிழிப்பதும், விதியைச் சபிப்பதும் கூடாது. கொங்கு நாட்டுக் கிராமங்களில் இழவு வீட்டு ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்; அதிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்று நம் முன்னோர்கள் கவனமாக இருந்ததில் நியாயம் உண்டு. ஆனால் ஒப்பாரியைத் தடுக்கப் போய்க் கண்ணீரையும் சேர்த்துத் தடுத்து விட்டோம். ஆண்களுக்கு இது இன்னும் மோசம். கணவனை இழந்த மனைவிக்கு நான்கு மாதம் பத்து நாள் இத்தா என்று மார்க்கமே ஒரு காலத்தை ஒதுக்கித் தந்திருக்கிறது. மனைவியை இழந்த கணவன் நான்காம் நாள் கடை ஷட்டரைத் தூக்குகிறான். ஆண் பிள்ளை அழக் கூடாது என்று அவனுக்குச் சொல்லப்படுகிறது. இது ஹதீஸும் அன்று, ஃபிக்ஹும் அன்று. எங்கிருந்து வந்தது என்று தேடினால் டீக்கடை பெஞ்சில் போய் முடியும்.

பெருமானார் (ஸல்) அவர்களின் ஆண் குழந்தை இப்ராஹீம், அபூ ஸைஃப் என்ற கொல்லரின் மனைவியிடம் பால் குடித்து வளர்ந்தது. கொல்லருடைய வீடு, உலைப் புகை சூழ்ந்த இடம். பட்டறைத் தொழில் தெரிந்த கோவைக்காரர்களாகிய உங்களுக்கு அந்த வீட்டின் வாசனையை நாம் விளக்க வேண்டியதில்லை. அந்தக் குழந்தை இறுதி மூச்சை விட்டுக் கொண்டிருந்தபோது பெருமானாரின் கண்களிலிருந்து நீர் வழிந்தது. தாங்களுமா அழுகிறீர்கள் என்று அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வியப்போடு கேட்டார்கள். இது இரக்கம் என்று பதில் சொல்லி விட்டு, மீண்டும் அழுதார்கள். மகனின் பிரிவால் தாம் துயருற்றிருப்பதை வாய் திறந்தே சொன்னார்கள். இறைவன் விரும்பாத எதையும் சொல்ல மாட்டோம் என்றும் சொன்னார்கள். அன்றைய தினம் சூரிய கிரகணம் பிடித்தது. கி.பி. 632இல் நிகழ்ந்தது அது. இப்ராஹீமின் மரணத்திற்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசினார்கள். எவருடைய இறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று நாயகம் அவர்கள் மறுத்து விட்டார்கள். துக்கத்தை மறைக்கவும் இல்லை. அதனை ஊதிப் பெரிதாக்க மற்றவர்களை அனுமதிக்கவும் இல்லை.

பட்டறை என்றவுடன், இமாமாகிய நாமே செய்த ஒரு தவறை உங்கள் முன் சொல்ல வேண்டியிருக்கிறது. சம்பந்தப்பட்ட சகோதரர் இசைவு தந்திருக்கிறார், பெயர் வேண்டாம்.

2021ஆம் ஆண்டு மே மாதம் உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். மாத இறுதியில் நாள்தோறும் பதிவாகும் கொரோனா எண்ணிக்கையில் நம் மாவட்டம் சென்னையையே தாண்டி விட்டது. ஆக்ஸிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன. அந்த நாட்களில் லேத் பட்டறை வைத்திருக்கும் நம் சகோதரர் ஒருவரின் தந்தை வஃபாத்தானார். மகன் கடைசியாக முகம் பார்க்கவில்லை. உறையில் சுற்றப்பட்ட ஜனாஸா வந்தது. கவச உடை அணிந்த நான்கைந்து பேர் இறக்கினார்கள். பத்தடி தள்ளி நின்று தொழுகை நடத்தினோம். அவருக்குத் தந்தையின் கப்ரில் மூன்று பிடி மண் போடவும் வாய்க்கவில்லை.

நாற்பது நாள் கழித்து அவர் நம் அறைக்கு வந்தார். "ஹஜ்ரத், அத்தாவை நினைச்சா தூக்கம் வரலீங்க. யாருகிட்டயும் சொல்ல முடியலை. எனக்கு அல்லாஹ் மேலயே கோபமா இருக்குதுங்க" என்றார். நாம் பதறிப் போனோம். உடனே தவ்பா செய்யுங்கள், இஸ்திஃபார் ஓதுங்கள், கொள்ளை நோயில் இறந்தவருக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டு, நீங்கள் மகிழ வேண்டும், ஸப்ரு செய்யுங்கள் என்று அடுக்கினோம். எல்லாம் கிதாபில் உள்ளவைதாம். அவர் தலையாட்டி விட்டு எழுந்து சென்றார். அதன் பிறகு எட்டு மாதங்கள் அவர் பள்ளிவாசலுக்கு வரவில்லை.

பின்னர் ஒரு நாள் ஹதீஸ் பாடம் நடத்திக் கொண்டிருந்தபோது, கப்ருக்கருகே அழுத பெண்ணைப் பற்றிய அறிவிப்பு வந்தது. அதை நாம் பலமுறை நடத்தியிருக்கிறோம். பெருமானார் (ஸல்) அவர்கள் அந்தப் பெண்ணிடம் இறைவனை அஞ்சிப் பொறுமையாக இருக்கும்படி சொன்னார்கள். வந்தவர் யாரென்று அறியாத அவள், என்னை விட்டு விலகிப் போம், எனக்கு நேர்ந்த துன்பம் உமக்கு நேரவில்லை என்று முகத்திலடித்தாற்போல் சொல்லி விட்டாள். அண்ணலார் என்ன செய்தார்கள்? விலகிப் போனார்கள். தாம் யார் என்று சொல்லவில்லை, வாதாடவில்லை, அவளுடைய ஈமானைப் பற்றித் தீர்ப்பு வழங்கவில்லை. பிறகு விவரம் அறிந்து அவளே வீடு தேடி வந்தபோதும், துன்பம் தாக்கும் முதல் வேளையில் கொள்வதே பொறுமை என்று ஒரு வாக்கியம் சொன்னதோடு நிறுத்திக் கொண்டார்கள். பாடத்தை நடத்தி முடிக்க நமக்கு நா எழவில்லை. மாணவர்களைச் சீக்கிரமே அனுப்பி விட்டோம்.

அன்று மாலை அவருடைய பட்டறைக்குப் போனோம். ஒன்றும் ஓதவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. ஒரு ஸ்டூலில் அமர்ந்தோம். லேத்தை நிறுத்தி விட்டு அவர் பேச ஆரம்பித்தார். இஷா வரை பேசினார். பாதியில் அழுதார். அத்தா கடைசியாகத் தொலைபேசியில் அழைத்தபோது வேலை மும்முரத்தில் தாம் எடுக்கவில்லை என்பதை அன்றுதான் முதன்முதலாக ஒரு மனிதரிடம் சொன்னார். அல்லாஹ் மீது கோபம் என்று அவர் சொன்னது உண்மையில் தம் மீதே அவர் கொண்டிருந்த கோபம். நாம் அதை அன்றே கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். "டெலிவரி வால்வை மூடிப் போட்டு மோட்டாரை ஓட விட்ட மாதிரி இருந்ததுங்க ஹஜ்ரத்" என்றார். பம்ப் தொழில் அறிந்தவர்களுக்கு அது புரியும். வெளியே பார்த்தால் மோட்டார் நன்றாக ஓடுவது போலத்தான் தெரியும். தண்ணீர் உள்ளேயே சுழன்று சூடேறும். கடைசியில் சீல் போய்விடும்.

தூக்கமின்மையும் நெஞ்சுப் படபடப்பும் நீங்காததால், அவரை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நாமே அழைத்துச் சென்றோம். சில மாதங்கள் மருந்து எடுத்தார். இன்று அல்ஹம்துலில்லாஹ், நலமாக இருக்கிறார்.

மனநல மருத்துவர் என்றவுடன் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. 'கிறுக்கு' என்ற பெயர் வந்து விடும், பெண் பிள்ளைக்கு வரன் அமையாது என்ற அச்சம் நமக்குப் புரிகிறது. அந்த அச்சம் எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு சாட்சி உண்டு. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். பல ஊர்களிலிருந்து, பல மதங்களிலிருந்து, சொந்தக் குடும்பத்தாரால் கொண்டு வந்து விடப்பட்டவர்கள் அவர்கள். ஆனால் நம் முன்னோரின் வழி வேறாக இருந்தது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பிறந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், உடலுக்கு நோய் வருவது போலவே உள்ளத்திற்கும் வரும், இரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டும் என்று தனி நூலே இயற்றினார். காரணம் தெரிந்த துக்கம், காரணம் தெரியாமல் வரும் துக்கம் என்று பிரித்து, பின்னதற்கு உடலையும் பார்க்க வேண்டும் என்றார். கெய்ரோவில் 1284இல் ஸுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளருக்கென்று தனி இடமே இருந்தது. இன்று அரசின் 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்தால் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அந்த எண்ணை அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறோம்.

இனிக் கோபத்தைப் பற்றி. இது கடினமான பகுதி. நம் ஊரில் இதைப் பேசாமல் தவிர்ப்பதே வழக்கம்.

உஹதுப் போரில் பெருமானாரின் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்களை ஈட்டி எறிந்து கொன்றவர் வஹ்ஷி. மதீனா திரும்பியபோது அன்ஸாரிகளின் வீடுகளில் அவரவர் ஷஹீதுகளுக்காகப் பெண்கள் அழும் ஓசை கேட்டது. ஹம்ஸாவுக்காக அழுவதற்கு எவரும் இல்லையே என்று பெருமானார் ஏங்கினார்கள். அதைக் கேள்வியுற்ற பெண்கள் வந்து ஹம்ஸாவுக்காக அழுதார்கள். பிறகு ஒப்பாரி கூடாது என்று நாயகம் அவர்கள் தடுத்ததும் அதே அறிவிப்பில் உண்டு. அதை விட்டு விட்டுச் சொன்னால் நேர்மையாகாது. ஆண்டுகள் கடந்தன. மக்கா வெற்றிக்குப் பின் வஹ்ஷி இஸ்லாத்தை ஏற்று முன்னால் வந்து நின்றார். நாயகம் அவர்கள் அவரை ஏற்றுக் கொண்டார்கள், பழி வாங்கவில்லை. ஆனால் உம் முகத்தை என் பார்வையில் படாமல் வைத்துக் கொள்ள இயலுமா என்று கேட்டார்கள்.

இந்த இடத்தில் நாம் நீண்ட நேரம் நின்று யோசித்ததுண்டு. மன்னித்தாயிற்று, ஆனால் வலி போகவில்லை. வலி போனது போல் நடிக்கவும் இல்லை. உலகிற்கே அருட்கொடையாக வந்தவர்கள், உம்மைக் கண்டால் நம் உள்ளம் தாங்காது என்று ஒளிவு மறைவின்றிச் சொன்னார்கள். வஹ்ஷிக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. பிற்காலத்தில் அதே ஈட்டியால் பொய்த் தூதன் முஸைலிமாவை வீழ்த்தும் அளவுக்கு இஸ்லாத்தில் அவருக்கு இடமும் இருந்தது.

கோபம் வருவது குற்றமன்று. கோபத்தில் தன்னை அடக்குபவனே வீரன் என்ற ஹதீஸும், நிற்பவன் உட்காரட்டும், அடங்காவிட்டால் படுக்கட்டும் என்ற ஹதீஸும், கோபம் வரும் என்று ஒப்புக் கொண்டுதான் தொடங்குகின்றன. 1997இல் நம் இளைஞர்களுக்குக் கோபம் இருந்தது. அதைப் பள்ளிவாசலில் சொல்ல இடம் இல்லை. வீட்டில் சொல்ல இடம் இல்லை. இருட்டில் அழைத்தவர்களிடம் சிலர் போய்ச் சொன்னார்கள். அவர்களும் வெடி வைத்தவர்களும் செய்ததற்கு எந்த நியாயமும் கிடையாது. நம் கோபத்தைக் காரணமாகக் காட்டி அதைக் குறைத்துப் பேசவும் நாம் தயாரில்லை. ஆயினும் அந்தப் பிள்ளைகளின் பேச்சைக் கேட்க ஒரு பெரியவரும் உட்கார்ந்திருக்கவில்லை என்பது நம் கணக்கில் எழுதப்பட வேண்டிய பாக்கிதான். 2022 அக்டோபர் 23ஆம் நாள், தீபாவளிக்கு முந்திய காலை, உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன் காரில் வெடிப்பு நிகழ்ந்தபோது, அன்று ஃபஜ்ருக்குப் பின் வந்தவர்களின் முகங்களில் அதே பழைய வெட்கத்தையும் அச்சத்தையும் கண்டோம். அப்போது ஒரு வேறுபாடும் இருந்தது. நகரின் ஜமாஅத் நிர்வாகிகள் அந்தக் கோயிலுக்கே சென்று அங்குள்ளவர்களைச் சந்தித்தார்கள். தாழ்வாரத்தில் ஒளிந்து கொள்ளவில்லை.

நிர்வாகத்தினரிடம் நாம் வேண்டுவது பெரிதாக ஒன்றுமில்லை. ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதானபோது, அவர் வீட்டாருக்கு உணவு சமைத்து அனுப்புங்கள் என்று பெருமானார் சொன்னார்கள். நம் ஊரிலோ இழவு வீட்டார்தாம் வந்தவர்களுக்கெல்லாம் பிரியாணி ஆக்கிப் போட வேண்டியிருக்கிறது. அழ வேண்டிய பெண் வெங்காயம் உரித்துக் கொண்டிருக்கிறாள். இதை மாற்றுங்கள். பார்லி மாவில் செய்யும் தல்பீனா என்ற கஞ்சி துக்கத்தில் கொஞ்சத்தைப் போக்கும் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். நம் வீட்டு நோன்புக் கஞ்சி காய்ச்சும் கைகளுக்கு அது சிரமமன்று. துக்கம் விசாரிக்கச் செல்பவர்கள் முதல் நாளில் உபதேசம் செய்ய வேண்டாம். அருகில் அமர்ந்தால் போதும். திங்கட்கிழமை தோறும் அஸருக்குப் பின் நம் அறை திறந்திருக்கும். எதையும் சொல்லலாம், ஃபத்வா தர மாட்டோம். பெண்களுக்கு மதரஸா ஆலிமா ஒருவர் மாடி அறையில் இருப்பார்.

அந்த மூதாட்டியைப் பற்றிச் சொல்லிக் கொண்டிருந்தோம். அன்று மாலை அந்தச் சட்டையை மடியில் வைத்துக் கொண்டு அவர் அழுதார். மருமகள் ஓடி வந்து, "அத்தை, ஸப்ரு செய்யுங்க" என்றாள். விடம்மா, அழட்டும் என்று சொல்லி விட்டோம். மஃக்ரிப் பாங்கு சொல்லும் வரை அழுதார். முகத்தைத் துடைத்துக் கொண்டு அவர் முதலில் கேட்டது நமக்கு மறக்காது. "குண்டு வெடிச்சப்போ செத்தாங்களே ஹஜ்ரத், அந்தப் பிள்ளைகளோட அம்மாக்கள் இன்னும் இருப்பாங்களா? அவங்களாவது அழுதிருப்பாங்களா?" இத்தனை ஆண்டுகளில் அந்த 58 பேரைப் பற்றி இப்படி ஒரு கேள்வியை நம் மஹல்லாவில் வேறெவரும் நம்மிடம் கேட்டதில்லை, நாமும் கேட்டுக் கொண்டதில்லை.

ஷஅபான் பிறை பத்தில் அவர் வஃபாத்தானார். அடக்கம் முடிந்து திரும்புகையில், சட்டையை என்ன செய்வது, கபர்ஸ்தானில் புதைத்து விடலாமா என்று பேரன் கேட்டான். பெட்டியிலேயே இருக்கட்டும், உன் பிள்ளைகள் கேட்டால் அது யாருடையது, எப்படி இறந்தார், பிறகு ஊரில் என்ன நடந்தது என்று முழுவதையும் சொல் என்றோம். சரி என்று சொன்னான்.

அல்லாஹ் அவ்விருவரின் கப்ருகளையும் விசாலமாக்குவானாக. வஸ்ஸலாமு அலைக்கும்.